இஞ்சி ரொட்டி வீட்டைப் பிள்ளைகளே கட்டட்டும்!

மக்களே, டிசம்பர் வந்தால் போதும், எங்கு பார்த்தாலும் இஞ்சி ரொட்டி வீட்டுப் படம்தான். அதாங்க, இஞ்சி சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டைச் சுவராகவும் கூரையாகவும் ஒட்டி, மேலே மிட்டாய் பதிப்பார்களே, அது. "பிள்ளைங்களோட சேர்ந்து செஞ்சோம்" என்று கீழே எழுதியிருக்கும். உற்றுப் பாருங்கள், சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். நாலு வயசுப் பிள்ளை அப்படி ஒட்டுமா? ஒட்டியது அம்மாவோ சித்தியோதான். பிள்ளை பக்கத்தில் நின்று போஸ் கொடுத்தது, அவ்வளவே.

இந்த வீடு பிரபலமானதில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் வீட்டைக் கட்டியது சூனியக்காரி, பிய்த்துத் தின்றது பிள்ளைகள். நம்ம ஆட்கள் அவளையும் மிஞ்சிவிட்டார்கள். கட்டவும் விடுவதில்லை, படம் எடுத்து முடிக்கும்வரை தின்னவும் விடுவதில்லை :)

"வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கெதுக்கு?" என்று ஒரு கோஷ்டி வரும். ஐயா, பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்து, குழி பண்ணி, நெய்விட்டு மாரியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றுகிறோம். அப்புறம் அதையே தின்கிறோம். அது மட்டும் என்னவாம்? நாச்சியார் திருமொழியில் சிறுமிகள் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுகிறார்கள். பிள்ளைகள் கட்டும் வீட்டுக்கு அவ்வளவு மரியாதை தந்த மொழி நம்முடையது.

"செலவாகுமே?" காமர்ஸ் படிக்கிறவன் சொல்கிறேன், ஆகாது. கோதுமை மாவு, வெல்லம், வெண்ணெய், சுக்குப்பொடி போதும். அவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிச் சுடலாம். பொடித்த சர்க்கரையில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாகக் குழைத்தால் அதுதான் பசை. வெல்லப்பாகு வேண்டாம், சின்னக் கை வெந்துவிடும். சுவருக்கு டம்ளரை முட்டுக் கொடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கூரை. அலங்காரத்துக்குத் தேன் மிட்டாயும் சீரக மிட்டாயும் இருக்கவே இருக்கு. அடுப்பும் கத்தியும் பெரியவர்கள் பொறுப்பு. மற்றதெல்லாம் பிள்ளைகள் பொறுப்பு.

சரிந்துவிடுமே என்கிறீர்களா? சரியட்டும்! எங்க ஊர் நார்த்தாமலைக்கு வந்து மேலமலை ஏறிப் பாருங்கள். விஜயாலய சோழீச்சரத்தைச் சாத்தன் பூதி கட்டினார், அது மழையில் இடிந்தது, மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கருங்கல் கோயிலே விழுந்து எழுந்திருக்கிறது. பிஸ்கட் சுவர் சாய்ந்ததற்கா "தள்ளு, நான் பண்றேன்" என்று பிள்ளை கையைத் தட்டிவிடுவது? போன கிறிஸ்துமஸ் லீவில் எங்க அக்கா பிள்ளைகள் கட்டிய வீடு, கூரை ஏறுவதற்கு முன்பே வயிற்றுக்குள் போய்விட்டது. யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கி, அட்டையில் பேர் மட்டும் போட்டுக்கொள்கிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. ஒண்ணாம் வகுப்பில் சார்ட்டை அப்பா வரைந்தார், அஞ்சாம் வகுப்பில் மாடலை மாமா செய்தார், டீச்சரும் தெரிந்தே "வெரி குட்" போட்டார். "உன் கைக்கு வராது" என்று பதினைந்து வருஷம் சொல்லி வளர்த்துவிட்டு, இருபது வயசில் "சொந்தமா எதையாவது செய்டா" என்றால் எங்கிருந்து வரும்?

எனவே பெரியோர்களே, இந்த டிசம்பரில் கோணல் வீட்டுப் படம் போடுங்கள். நேரான வீடு வேண்டுமென்றால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.