சரக்கோடு கப்பலேறும் மானம்

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு உரைத்து வருபவன் நான். கள்ளைக் கையாலும் தொட்டறியேன். அத்தகைய என்னைத் தேடிச் சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது அவர் கூட்டுறவுச் சங்கமொன்றிற் பொறுப்பான பதவியில் இருக்கின்றார். "ஐயா, எங்கள் சங்கம் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து, முதன்முறையாகப் பெருந்தொகையில் வெளிநாட்டுக்கு அனுப்பப் போகின்றது. போத்தலில் ஒட்டுவதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் தரவேண்டும்" என்றார். பெயரொன்றை அவரே நினைத்தும் வந்திருந்தார். 'சங்கத் தேறல்' என்பது அப்பெயர். அதன்கீழே 'மூவேந்தரும் அருந்திய பானம்' என்று ஒரு வரி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. "தம்பி, யோசித்துச் சொல்லுகின்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்தபோது, பிறிதொரு நாட்டார் பிறிதொரு மதுவைக் கடல் கடந்து அனுப்பிய வரலாறு நினைவுக்கு வந்தது. அது ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய பியரின் கதை. குடியாதவன் குடியின் கதையைப் படிப்பதா என வாசகர் வினவலாம். நோயில்லாதவன் மருத்துவ நூல் படிப்பதில்லையா?

இலண்டனின் கிழக்கே 'போ' என்னும் இடத்தில் ஹொட்சன் என்பவர் 1752இல் பியர் வடிக்குஞ் சாலையொன்றைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் நங்கூரமிடும் துறை அதற்கு அண்மையில் இருந்தது. கப்பற்றலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் வியாபாரஞ் செய்துகொள்ளக் கும்பினி இடங்கொடுத்திருந்தது. அவர்களுக்கு ஹொட்சன் வீட்டார் ஓராண்டுக்கு மேலும் கடன் கொடுத்தனர். போகும்போது கப்பல்களிற் சரக்கு குறைவாதலின் ஏற்றுகூலியும் மலிவு. ஆகவே, அவர்தம் பியர் கல்கத்தாவிலும் சென்னையிலும் வாழ்ந்த வெள்ளையர் மேசைகளிற் பேர்பெற்றது.

வழியோ நெடிது, ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்லவேண்டும், நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கவேண்டும், மாதங்கள் ஐந்தோ ஆறோ செல்லும். ஹொப்ஸ் என்னும் பூவை மிகுதியாகச் சேர்த்து வடித்த அந்த வெளிறிய பியரை அப்பூவின் கைப்புக் கெடாமற் காத்தது. மரப்பீப்பாவுள் ஆடியும் வெதும்பியும் சென்ற அது, இறங்குதுறையை அடையும்போது முதிர்ந்து சுவை கூடியிருந்தது என்பர்.

பின்னர் என்ன நிகழ்ந்தது? சந்தை தம் கைக்குள் அடங்கிவிட்டது என எண்ணிய ஹொட்சன் வீட்டார், 1820களின் தொடக்கத்திற் கடனை நிறுத்தினர், விலையை ஏற்றினர், பிறர் சரக்கு வந்தபோதெல்லாம் விலையைத் திடீரென வீழ்த்தி அவர்களை விரட்டினர். வாங்குவோர் மனங் கசந்தது. கைப்பைப் பியரில் விரும்பிய மக்கள் வியாபாரத்தில் விரும்புவார்களா?

அதேகாலத்தில் பேட்டன் நகரத்து ஓல்சொப் என்பவர் உருசியச் சந்தையை இழந்து வருந்திக்கொண்டிருந்தார். உருசிய அரசு 1822இல் விதித்த தீர்வை அதற்குக் காரணம். கும்பினியின் இயக்குநர் ஒருவர் இந்தியச் சந்தையை அவருக்குச் சுட்டிக்காட்டினார். ஹொட்சனின் பியர் மாதிரிக்காக வருவிக்கப்பட்டது. அதைச் சுவைத்த ஓல்சொப்பின் வடிப்பாளர் கைப்புத் தாங்காது துப்பிவிட்டார் என்றும், பின்பு தேநீர்ப் பாத்திரமொன்றில் அதுபோன்றதைச் சிறிதளவு வடித்துப் பார்த்தார் என்றும் கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும் ஆகுக. அடுத்த ஆண்டில் அவர்தம் சரக்கு கல்கத்தா நோக்கிச் சென்றது. பேட்டன் கிணற்றுநீரிற் கலந்துள்ள உறைகளிமச் சத்து அவ்வகைப் பியருக்கு மிகப் பொருந்தியது. அந்நகரத்துப் பேஸ் வீட்டாரும் பின்தொடர்ந்தனர். பத்தாண்டுக்குள் ஹொட்சனை முந்தினர்.

இங்கே நான் கருதிப் பார்ப்பது ஒன்று. 'இந்தியா பேல் ஏல்' என்று இன்று உலகறிந்த பெயர் அந்த முதற் பீப்பாக்களின்மேல் இருந்ததன்று. 'கிழக்கிந்திய வெளிறிய ஏல்' எனப் பொருள்படும் பெயர் 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரமொன்றிற் காணப்படுகின்றது. பொருள் பல்லாண்டு கடலைக் கடந்த பின்னரே பெயர் வந்தது. ஹொட்சனே அவ்வகைப் பியரைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்ற கதையோ அதற்கும் பிந்தியது. இக்கால ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. பொருள் பெயரைத் தந்தது; பெயர் பொருளைத் தரவில்லை.

இனி நம் பனங்கள்ளுக்கு வருவோம். சங்கநூல்கள் கூறும் தேறல் தெளிவு. மூங்கிற் குழாயிலிட்டு முதிரவைத்தது. நம் முட்டியில் இறங்குங் கள்ளோ அன்றன்றைக்கு உரியது. நாளேறப் புளித்துக் கெடுவது. கடல் பியரை முதிர்வித்தது; கள்ளைக் கெடுக்கும். ஆதலினாலேயே அதனைச் சூடேற்றிப் போத்தலில் அடைக்கின்றார்கள். அதைத் தேறல் என்பது பொய். மூவேந்தரைச் சாட்சிக்கு அழைப்பது அதனினும் பெரிய பொய். மானம் கப்பலேறியது என்பது நம்மவர் வழக்கு. பொய்ப்பெயரோடு போகுஞ் சரக்கு நம் மானத்தையும் உடன் ஏற்றிக்கொண்டே போகும். வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். மறுமுறை வாங்குவிப்பது போத்தலுக்குள் இருப்பதேயன்றி மேலே ஒட்டியிருப்பதன்று.

இவ்வளவும் எழுதிய பின்பும் என் மனம் அமைதியடையவில்லை. வந்தவரின் தந்தையார் தளைநார் பூட்டிப் பனையேறியவர். பாளை சீவிய காசிலேயே மகன் படித்தார். ஒருநாள் வகுப்பில் நான் கள்ளுண்ணாமை நடத்தியபோது அந்தச் சிறுவன் தலைகுனிந்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. வள்ளுவர் கடிந்தது உண்பவனை. நானோ இறக்குபவனையும் சேர்த்துக் கடிந்தேன். அது குறளின் பொருளன்று. நம் ஊர் எனக்குக் கற்பித்த பொருள். தவறணையிற் குடித்துவிட்டுக் குளித்து முழுகிய பெரியவர்கள், ஏறியவனைப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர் இது.

கருப்பநீரும் பனங்கட்டியும் ஒடியலும் கப்பலேறினால் நான் இன்னும் மகிழ்வேன். குடியை நான் இன்றும் வெறுக்கின்றேன். ஆயினும், உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவரின் உழைப்பை வெறுக்க எனக்கு உரிமையில்லை. அந்த உழைப்பின் பயன் முதன்முறை கடலைக் கடக்கும்போது, வேந்தர் பெயரைத் தாங்கி ஒளிந்து போகவேண்டியதில்லை.

ஆகவே, தம்பிக்கு இவ்வாறு எழுதி அனுப்பினேன்: "பெயர்: பனங்கள். அதன்கீழே இறக்கிய ஊரையும் அடைத்த நாளையும் மெய்யாக எழுதுங்கள். மூவேந்தரை அழித்துவிட்டு, அவ்விடத்தில் 'சீவல் தொழிலாளர் இறக்கியது' என்று பொறியுங்கள். முதற்போத்தலை எனக்கு அனுப்பவேண்டாம். அதில் ஒட்டிய தாளொன்றை மட்டும் அனுப்புங்கள். அடுத்தமுறை அந்த அதிகாரம் நடத்தும்போது அதை வகுப்பிற் காட்ட விரும்புகின்றேன்."