கடை வரட்டும் தோழர்களே, எந்த இடத்தில் வருதுன்னு முதல்ல கேளுங்க!



நம் ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் செய்தி இது: "பெரிய காம்ப்ளக்ஸ் ஒண்ணு வருதாம்." எத்தனை மாடி, எந்த ஜவுளிக்கடை, திறப்பு விழாவுக்கு எந்த நட்சத்திரம் வர்றாங்க என்று டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை பேசுகிறோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டிடம் அந்த இடத்தில் வரலாமா?

இது ஏதோ இன்ஜினியர்களும் அதிகாரிகளும் பேசிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழையுமா, மழை பெய்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும், அந்தக் கடையில் வேலை பார்க்கும் உங்கள் தங்கச்சி தீப்பிடித்தால் வெளியே வர முடியுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அரசியல் என்றால் இதுவும்தான்.

◼️ பரிசீலனை என்றால் என்ன?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதன்படி ஒரு வணிகக் கட்டிடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் திட்டக் குழுமம் பரிசீலிக்க வேண்டும். சென்னைப் பகுதிக்கு பெருநகர வளர்ச்சிக் குழுமம். மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதன் கீழே உள்ளூர் திட்டக் குழுமங்கள். கூடவே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி.

இவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டிடத்தின் அழகை இல்லை, இடத்தை. அந்த நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, விவசாய நிலமா? முன்னால் இருக்கும் சாலை எத்தனை மீட்டர் அகலம்? நீர்நிலையோ வாய்க்காலோ பக்கத்தில் இருக்கிறதா? வண்டிகள் எங்கே நிற்கும்? தீயணைப்பு வண்டி கட்டிடத்தைச் சுற்றி வர முடியுமா?

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டிடம். அதற்கு விதிகளும் கூடுதல். ஆக, விதி இல்லாத ஊர் இல்லை நம்முடையது. அந்த விதியைக் காகிதத்தில் பார்க்கிறார்களா, நேரில் இடத்துக்குப் போய்ப் பார்க்கிறார்களா என்பதுதான் பிரச்சினையே.

◼️ மதுரையைப் பாருங்கள்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோ மீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டிடம் கூடாது என்று 1997-லேயே அரசாணை இருக்கிறது. ஆனால் மாசி வீதி, ஆவணி மூல வீதி, வெளி வீதிப் பக்கம் ஒரு நடை போய் அண்ணாந்து பாருங்கள். 9 மீட்டர் எங்கே முடிகிறது, கட்டிடம் எங்கே முடிகிறது என்று உங்களுக்கே புரியும். விதிமீறல் குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு மேல் வழக்கு வந்ததும் சும்மா இல்லை.

இதை வெறும் கோபுர தரிசனப் பிரச்சினையாகச் சுருக்கிவிட வேண்டாம். 2020 தீபாவளி நாளில் விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மேலேயே கட்டிடம் இடிந்து விழுந்தது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள். ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நாளில் அந்த இரண்டு குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய கட்டிடம், நெருக்கமான தெரு, உள்ளே முழுக்கத் துணி. இப்படி ஓர் இடத்தில் தீப்பிடித்தால் நமக்காக உள்ளே போகிறவன் யார்? மாதச் சம்பளம் வாங்கும் ஓர் அரசு ஊழியன். இடத்தைப் பார்க்காமல் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் அவன் உயிர் மேல் போடும் கையெழுத்து.

◼️ சென்னை சொல்லும் பாடம்

தி.நகர் என்ற ஊரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவானது. வீடுகளுக்காகப் போட்ட தெருக்கள் அவை. பிறகு அங்கே மாடி மேல் மாடியாகக் கடைகள் வந்தன. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீ; இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடையில் தீ. முழுதாக அடக்க ஒரு நாளுக்கும் மேல் ஆனது. கட்டிடத்தின் ஒரு பகுதி தானாகவே சரிந்தது. மிச்சத்தை இடிக்கும்போது இயந்திரம் ஓட்டிய தொழிலாளி ஒருவர் இறந்தார். அனுமதித்ததைவிட அதிக மாடிகள் கட்டப்பட்டிருந்த விஷயம் எல்லாம் எரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

2014 ஜூன் 28. போரூர் ஏரிக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது அடுக்குமாடிக் குடியிருப்புதான், கடை இல்லை. ஆனால் பாடம் ஒன்றே. இறந்தவர்களில் பலர் பிழைப்புக்காக வந்த கட்டிடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மண்ணைக் கேட்காமல் மாடி எழுப்பினால் மண் ஒரு நாள் பதில் சொல்லும்.

◼️ அரசு கட்டினாலும் இதே கேள்விதான்

தனியார் மட்டும்தான் இடத்தைத் தவறாகத் தேர்வு செய்கிறார்களா? இல்லை. திருச்சி காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்க கள்ளிக்குடியில் அரசு ஒரு வளாகம் கட்டியது. 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. ஊரைவிட்டுத் தூரம், கடைகள் சின்னது, ஜனம் வராது என்றார்கள். மக்கள் பணத்தில் எழும்பிய கட்டிடம் ஆள் இல்லாமல் கிடந்தது. கட்டுவதற்கு முன் அந்த வியாபாரிகளையும், மூட்டை தூக்கும் தொழிலாளிகளையும், காய்கறி வாங்க வரும் பெண்களையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா?

இதே தமிழ்நாட்டில்தான் கொத்தவால் சாவடியின் நெருக்கடியில் இருந்த காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றி, 1996-ல் திறந்து, அது இன்று சென்னைக்கே சோறு போடுகிறது. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் லாரி வந்து திரும்ப இடம் இருக்கிறது, வெளியூர்ச் சாலை பக்கத்தில் இருக்கிறது. இடம் சரியாக அமைந்தால் வியாபாரம் தானாக வளரும்.

◼️ "கட்டிய பிறகு பார்த்துக்கலாம்" என்ற நோய்

விதியை மீறிக் கட்டு, பிறகு பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள். பல ஆண்டுகளாக இதுதான் வழக்கம். இதற்காகவே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு முறை மட்டும் என்ற அடிப்படையில்தான் 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதன் பிறகும் காலக்கெடு நீண்டுகொண்டே போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று சொன்னது. 2012-ல் மறுபடியும் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது.

இதில் ஏமாந்தது யார் தெரியுமா? பேங்கில் கடன் வாங்கி, விதிப்படி இடம் விட்டு, ஒரு மாடியோடு நிறுத்திக்கொண்ட நேர்மையான சின்ன வியாபாரி. பக்கத்துக் கடைக்காரர் மீறிக் கட்டி நாலு மாடி வாடகை வாங்குகிறார். சட்டத்தை மதித்தவன் முட்டாளா?

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு தெளிவான பதில் சொல்லிவிட்டது. உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்புக்கு ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டிய வழக்கு அது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பல வருஷம் ஆயிற்று, நிறையப் பணம் போட்டுவிட்டோம், அதிகாரிகள் அப்போது கேட்கவில்லையே என்ற காரணங்களால் சட்டவிரோதக் கட்டிடம் சட்டப்படியானது ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தரக்கூடாது, அனுமதியில்லாத கட்டிடத்தில் வியாபார உரிமம் தரக்கூடாது என்றும் நாடு முழுமைக்கும் வழிகாட்டியது. தவறு செய்த அதிகாரி மேலும் நடவடிக்கை உண்டு. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு வார்டு தோழரும் போனில் சேமித்து வையுங்கள்.

◼️ "வேலைவாய்ப்பைத் தடுக்கிறீங்களா?"

இப்படிக் கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். நம் பதில் எளிமையானது. கடை வேண்டாம் என்று நாம் சொல்லவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே வேலைக்குப் போகிறார்கள். நாள் முழுக்க நிற்கும் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்கார நாற்காலி கேட்ட நாம், தப்பித்து ஓட ஒரு படிக்கட்டு கேட்கக் கூடாதா? சரியான இடத்தில், சரியான சாலையில், சரியான பாதுகாப்போடு வரும் கட்டிடத்தில்தான் அந்த வேலை நிலைக்கும். சீல் வைத்த கடையில் யாருக்கும் சம்பளம் கிடைக்காது.

இன்னொரு விஷயம். இது உங்களில் சிலருக்குக் கசக்கலாம். நாளைக்கு விதிமீறிக் கட்டுகிறவர் நம் கட்சிக்காரராகவே இருந்தால்? "நம்ம ஆளுதானே, விடுங்கண்ணே" என்று போன் வரும். அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் கட்டினால் ஆர்ப்பாட்டம், நம்மாள் கட்டினால் மாலை மரியாதை என்றால் மக்கள் நம்மை எதற்கு நம்ப வேண்டும்? தீக்குக் கட்சிக் கொடி தெரியாது தோழர்களே.

◼️ நாம் கேட்பது இவ்வளவுதான்

✅ வணிகக் கட்டிட விண்ணப்பம் வந்ததும், இடம், சாலை அகலம், உயரம் எல்லாம் எழுதிய தமிழ் அறிவிப்புப் பலகையை அந்த மனையிலேயே வைக்க வேண்டும்.

✅ நில வகைப்பாட்டை மாற்றும் அறிவிப்பு பத்திரிகையின் ஒரு மூலையில் மட்டும் வந்தால் போதாது. வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும்.

✅ திட்டக் குழுமம் நேரில் ஆய்வு செய்த நாளையும் ஆய்வறிக்கையையும் இணையத்தில் வெளியிட வேண்டும்.

✅ சுற்றி வசிப்பவர்களையும், அந்தத் தெருவின் சிறு வியாபாரிகளையும், தீயணைப்புத் துறையையும் கேட்காமல் அனுமதி கூடாது.

✅ நீர்நிலை, வாய்க்கால் விஷயத்தில் எந்தத் தளர்வும் கூடாது.

◼️ நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் பகுதியில் புதிதாகப் பள்ளம் தோண்டினால், முதலில் போய் அனுமதிப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். என்ன கேட்பது? திட்ட அனுமதி எண், அனுமதித்த உயரம், மாடிகள், வாகன நிறுத்துமிடம், நில வகைப்பாடு. இந்த ஐந்து போதும்.

ஆட்சேபனை கேட்டு அறிவிப்பு வந்தால், அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் கொடுங்கள். கோபமாக எழுத வேண்டாம், அளந்து எழுதுங்கள். "சாலை குறுகலாக உள்ளது" என்பதைவிட "சாலை இந்த இடத்தில் இத்தனை மீட்டர்தான்" என்பதற்கு வலு அதிகம். ஒரு டேப்பும் ஒரு போட்டோவும் நூறு கோஷத்துக்குச் சமம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. நகரங்களில் ஏரியா சபை. அங்கே எழுந்து நின்று கேளுங்கள், பதிவேட்டில் எழுத வையுங்கள்.

சென்னைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் எந்தத் தெருவில் வீடு, எந்தச் சாலையில் கடை, எந்த இடம் ஏரியாகவே இருக்கும் என்பதை மூன்றாம் திட்டம் தீர்மானிக்கப் போகிறது. கோடு போடும்போது பேசாமல் இருந்துவிட்டு, கட்டிடம் எழும்பிய பிறகு தெருவில் உட்கார்ந்து பயன் இல்லை.

கட்டிடம் ஒரு வருஷத்தில் எழும்பிவிடும். அது நிற்கும் இடத்தோடு நம் பிள்ளைகள் அறுபது வருஷம் வாழ வேண்டும். அந்த அறுபது வருஷத்துக்காக, இன்றைக்கு ஒரு மனு எழுத நமக்கு நேரம் இருக்கிறதா, இல்லையா?

இந்தப் பதிவை உங்கள் வார்டு குழுவில் பகிருங்கள். உங்கள் தெருவில் வரப்போகும் கட்டிடத்தைப் பற்றி கமெண்டில் எழுதுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் பகுதிக் கட்சி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

இடத்தைக் கேட்போம்! உயிரைக் காப்போம்!

#முதலில்_இடம் #நம்ஊர்_நம்உரிமை #கேள்விகேட்போம்