காடு நிறையக் கறிவேப்பிலை, காய்க்குக் கடைத்தெரு!

காரமடை 2021ஆம் ஆண்டில் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. ஊர் வளர வளரத் தோட்ட நிலங்கள் பல மனைகளாகி வீடுகள் எழும்பியுள்ளன. இவ்வீடுகளின் புழக்கடைகளைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். ஆனால் செடிகள் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன.

பரம்பரை விவசாயக் குடும்பத்தின் வீடென்றால் முருங்கை, பப்பாளி, வேலியோரம் சுண்டை, பந்தலில் அவரை, குளியல் நீர் பாயுமிடத்தில் வாழை என்று காணலாம். கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர் வீட்டில் காந்தாரி மிளகாயும் சேம்பும் மரவள்ளியும் இடம்பிடிக்கும். உத்தியோக நிமித்தம் வந்து மனை வாங்கியவர் வீட்டு முகப்பில் குரோட்டன்ஸும் ரோஜாவும் தொட்டிகளில் நிற்கும்.

இதற்குக் காரணம் என்ன? புழக்கடைக்குச் செடி வந்து சேரும் வழி இரண்டு. ஒன்று உறவு வழி. தாய் வீட்டு முருங்கைப் போத்தும், அத்தை கொடுத்த அவரை விதையும் இப்படி வருபவை. மற்றொன்று கடை வழி. நாற்றுப் பண்ணையில் எது விற்கிறதோ அதுவே எல்லா வீடுகளுக்கும் வருகிறது. நோக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அடுப்புக்காக வளர்ப்பவர் பலவற்றில் கொஞ்சம் கொஞ்சம் வைப்பார். அழகுக்காக வளர்ப்பவர் கண்ணுக்குப் பிடித்ததை வைப்பார். விற்பனைக்காக வளர்ப்பவர் ஒன்றையே நிறைய வைப்பார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சிகாகோ நகர வீட்டுத் தோட்டங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. கறுப்பின மக்கள், சீன வம்சாவளியினர், மெக்சிகோ வம்சாவளியினர் ஆகியோரின் தோட்டங்களை அது ஒப்பிட்டது. அவரவர் சமையலுக்கு வேண்டிய பயிர்களே அவரவர் தோட்டத்தில் இருந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? மலேயாத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர் குடியிருப்புகளில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தது எப்படி? நாக்கின் நினைவுதான் செடியையும் கொண்டு சேர்த்தது.

அந்தக் கறிவேப்பிலையே இன்று காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தின் பணப்பயிர். செங்காம்புக் கறிவேப்பிலை ஏக்கர் கணக்கில் நின்று வெளியூர்களுக்கு லாரி ஏறுகிறது. இதில் தவறில்லை. ஆனால் விற்பனை நோக்கம் காட்டோடு நிற்காமல் வீட்டு வாசல் வரை வந்துவிட்டதே கவலைக்குரியது. வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் நிலத்திலும் அதையே நட்டுவிட்டு, கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் பை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. விலை சரிந்த வாரத்தில் காட்டிலும் வருமானமில்லை, குழம்புக்கும் காயில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 1,600 கிராம். முழுவதையும் விலை கொடுத்து வாங்குவது சிறு விவசாயிக்கு எளிதன்று.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கொங்கு நாட்டில் தோட்டத்துக்குக் கணக்கு உண்டு. பொடக்காலிக்குக் கணக்கு இல்லை. அது பெரும்பாலும் பெண்கள் பொறுப்பு. எந்த அவரை தை வரை காய்க்கும், எந்தச் சுரை கசக்காது என்பது வயதான பெண்களுக்கே தெரியும். அவர்கள் கைப்பக்குவத்தை மருமகளும் பேத்தியும் கற்காவிட்டால், விதையும் அதைப் பற்றிய அறிவும் ஒருசேரப் போய்விடும்.

அரசின் திட்டங்கள் உதவுகின்றன. 2013-14இல் சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, வளர்ப்புப் பைகளும் காய்கறி விதைகளும் மானிய விலையில் தரப்பட்டன. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே விதைப் பொட்டலம் என்றால், எல்லா மாடியிலும் ஒரே செடிகள்தான். விதையைக் கொடுக்கும் முன், ‘உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்? யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?’ என்று கேட்பதே முறை. வீட்டாருக்கு வேண்டாத செடி ஒரு பட்டத்தோடு மறைந்துவிடும்.

சிறு விவசாயிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டை ஒட்டிய இரண்டு மூன்று சென்ட் நிலத்தை விற்பனைப் பயிருக்குக் கொடுக்காமல் ஒதுக்குங்கள். அங்கே என்ன நடுவது என்பதை வீட்டுப் பெண்கள் முடிவு செய்யட்டும். வீட்டுத் தேவைக்குரிய கறிவேப்பிலைச் செடியை, மருந்து தெளிக்கும் காட்டை விட்டுத் தள்ளி அங்கேயே வையுங்கள். அவரையில் தன் மகரந்தச் சேர்க்கையே மிகுதி. ஆகையால் நல்ல கொடியின் முற்றிய காய்களை விட்டு விதை எடுத்தால் இனம் பெரும்பாலும் மாறாது. சுரை, பீர்க்கு போன்றவற்றை வண்டும் தேனீயும் கலப்பு செய்துவிடும். ஆகவே அருகருகே உள்ள வீட்டார் பேசி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ரகத்தை வளர்த்து விதை எடுப்பது நல்லது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த பயிர் ஒரே சீராக வராது என்பதையும் நினைவில் கொள்க.

வருகிற ஆடிப்பட்டத்துக்கு முன், வீட்டுப் பெரியம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டு, கைவசமுள்ள விதைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு கைப்பிடி கொடுங்கள். ஒரு வீட்டில் விதை அழிந்தாலும், கொடுத்த வீட்டில் அது இருக்கும்.