கப்பல் காசை வயிற்றில் வசூலிக்கலாமா?

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல்களில் இப்போது தமிழ்ப் பேச்சு கேட்காத தளம் இல்லை. சென்னை, மதுரை, கோவை என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அம்மாவைப் பிள்ளைகள் கூட்டி வருகிறார்கள். வயல் வரப்பைத் தாண்டாத பெரியவர்கள் நடுக்கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள். அதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் ஏறியது முதல் இறங்குவது வரை அவர்கள் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துவிட்டு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

கோளாறு டிராவல்ஸ் ஆபீசிலேயே தொடங்கிவிடுகிறது. "சாப்பாடு அன்லிமிடெட் சார், எப்ப வேணா, எவ்வளவு வேணா" என்பதுதான் அங்கே முதல் வாக்கியம். கூல்டிரிங்க்ஸுக்கும் மதுவுக்கும் தனிக் காசு, சில ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்டுகளுக்கும் தனிக் காசு என்பது கப்பலில் ஏறிய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, கட்டிய பணத்தை எப்படியாவது வசூலித்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிடுகிறது. வசூலிக்கக் கையருகே இருப்பது பஃபே ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு இட்லி, பூரி, ஆம்லெட், பான்கேக். பதினொரு மணிக்கு பீட்சா. ஒரு மணிக்கு பிரியாணி. நான்கு மணிக்குக் கேக். ராத்திரி விருந்து. அதற்கு மேலும் திறந்திருக்கிற கடையில் நூடுல்ஸ். வீட்டில் ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற மனிதர் இதையெல்லாம் ஒரே நாளில் சாப்பிடுகிறார். கேட்டால், "கட்டின காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்கிறார்.

பக்கத்து மேசையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியம்மா ஒருவர், சர்க்கரை நோயாளி. தயிர் சாதத்தோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார். மாப்பிள்ளை ஆசையாக ஒரு தட்டு நிறைய குலாப் ஜாமூனும் சாக்லேட் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாம் மாப்பிள்ளை, எனக்குச் சுகர் இருக்கே" என்றார் அவர். "லீவுக்குத்தானே வந்திருக்கோம் அத்தை, ஒண்ணும் ஆகாது. மாத்திரையை ஒண்ணு கூடப் போட்டுக்கலாம்." மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்ததை வேண்டாமென்று தள்ள நம் ஊர் மாமியாருக்கு மனசு வருமா? சாப்பிட்டார். அந்த மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் செய்தார். அதனால்தான் இத்தனை வருத்தமாக இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக் கூட்டிப் போடுவது விளையாட்டுக் காரியமா? சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைக் கூட்டினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். நடுராத்திரியில், கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் அது நடந்தால், கப்பலின் சின்ன மருத்துவ அறைதான் கதி. அங்கே வாங்குகிற பில்லை ஊரில் யாரிடமும் சொல்லவும் முடியாது.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (INDIAB) ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை நடத்தியதே சென்னையில் இருக்கிற நிறுவனம்தான். ஒரு குடும்பம் கப்பலேறினால் அதில் ஒருவருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. அப்படியிருந்தும் பயணத்துக்குத் தயாராகும்போது நீச்சல் உடை வாங்குகிறோம், செல்ஃபி ஸ்டிக் வாங்குகிறோம். அம்மா என்ன சாப்பிடுவார் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து பேசுவதில்லை.

பஃபேயில் மனக்கட்டுப்பாடு மட்டும் போதும் என்று சொல்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பல வகை முன்னால் இருந்தால் மனிதர் யாரானாலும் கூடுதலாகத்தான் சாப்பிடுவார். 1981இல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே வகை சாண்ட்விச் கொடுக்கப்பட்டவர்களைவிட, உள்ளே நான்கு விதமாக வைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். ஒரு ருசி அலுத்துப்போனாலும் அடுத்த ருசிக்கு நாக்கு புதிதாகத் தயாராகிவிடுகிறது. நான்கு வகைக்கே அப்படியென்றால், முப்பது நாற்பது வகை வரிசையாக வைத்திருக்கிற இடத்தில் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு "அளவாகச் சாப்பிடு" என்று சொல்லி என்ன பயன்? அந்த இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

வழியும் இருக்கிறது. டிக்கெட்டிலேயே அடங்கிய பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று ஏறக்குறைய எல்லாக் கப்பலிலும் உண்டு. உட்கார்ந்த இடத்துக்கு மெனு வரும். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அளவும் சின்னதாக இருக்கும். ஆனால் நம்மவர்கள் அந்தப் பக்கம் போகவே தயங்குகிறார்கள். முள்கரண்டி பிடிக்கத் தெரியாதே, மெனுவில் இருப்பது புரியாதே, கூடக் காசு கேட்பார்களோ என்று பயம். எதற்குப் பயம்? பரிமாறுகிறவர்களில் கோவாக்காரரோ கேரளக்காரரோ ஒருவர் அநேகமாக இருப்பார். "உப்புக் கம்மியா, எண்ணெய் கம்மியா, வேகவைத்த காய்கறி வேணும்" என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவைத்தால் மறுநாள் செய்து தருகிறார்கள். கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இதையெல்லாம் ஏறுவதற்கு முன் ஒரு ஏஜென்டாவது விளக்கிச் சொல்லியிருக்கலாமே!

உப்பைப் பற்றி யாரும் நினைப்பதேயில்லை. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சீஸ், சூப், சாஸ், பதப்படுத்திய இறைச்சி என்று கப்பல் மேசையில் இருப்பவற்றில் பாதி உப்பில் ஊறியவை. அதற்கு மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப் பொடியையும் திறக்கிறோம். இரண்டாம் நாள் காலையில் செருப்பு நுழையவில்லை, கால் வீங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னால், "கடல் காத்து ஒத்துக்கல" என்று கடலின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

கை கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே வருகிறது. கப்பலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நோரோவைரஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளியில் 1968இல் பரவிய நோயிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட கிருமி. கொஞ்சம் உள்ளே போனாலே போதும், 12 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசரை இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார்களே, அது இந்தக் கிருமியிடம் சரியாகப் பலிக்காது. சோப்புப் போட்டு, தண்ணீரில், 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும்.

அதிலும் நமக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். உள்ளே நுழையும்போது ஒழுங்காகக் கழுவிவிட்டு, பிறகு நூறு பேர் பிடித்த பரிமாறும் கரண்டியைப் பிடித்து, காபி மெஷின் பொத்தானை அழுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதே கையால் சாதத்தைப் பிசைகிறோம். கழுவியது என்ன ஆயிற்று? தட்டில் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, ஒருவர் காவலிருக்க, மற்றவர்கள் போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும். கல்யாணப் பந்தியில் இந்தத் தொல்லை இல்லை. பரிமாறுகிறவர் கரண்டியை நாம் தொடுவதில்லை. பஃபேக்குப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு தாயையோ தகப்பனையோ பார்க்கக் கண் ஏங்குகிறது. வயிறு சரியில்லை என்று தெரிந்தும் அறையிலேயே அடைத்துவிடுவார்களோ என்று மறைத்துக்கொண்டு பஃபே வரிசையில் நிற்கிறவர்களை என்ன சொல்வது! நமக்கு ஒரு நாள் அறைவாசம்; அதைத் தவிர்க்கப்போய் ஊருக்கே நோய்.

வீணாகிற சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடிக்க மனசு வராது. ஒரு காலத்தில் கப்பலேறினவர்கள் காயும் பழமும் கிடைக்காமல் ஈறு அழுகிச் செத்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். அதைப் பிரிட்டிஷ் கடற்படை ஏற்று எலுமிச்சைச் சாறு கொடுக்கவே 1795 ஆகிவிட்டது. அதே கடலில் இன்று பப்பாளியும் தர்பூசணியும் அன்னாசியும் வெட்டி அடுக்கியிருக்க, அதைக் கடந்துபோய்ப் பொரித்த உருளைக்கிழங்கின் முன் வரிசையில் நிற்கிறோம். தட்டில் மலையாகக் குவித்துக்கொண்டு வந்து, ஆளுக்கு இரண்டு வாய் ருசி பார்த்துவிட்டு எழுந்துபோகிறோம். வீட்டில் ஒரு பருக்கை சிந்தினால் தலையில் குட்டுகிற அப்பா, கப்பலில் "வேண்டாட்டி விட்டுடுப்பா, வேற எடுத்துக்கோ" என்கிறார். அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

விட்ட சாப்பாடு எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கிற சர்வதேச மார்போல் விதிப்படி, 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குகிற அளவுக்கு அரைத்த உணவுக் கழிவைப் பொதுவாகக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் கடலில் விடலாம்; அரைக்காததென்றால் 12 கடல் மைல். நாம் பால்கனியில் நின்று போட்டோ எடுக்கிற அதே கடல்தான். அந்தத் தட்டுகளைச் சுமக்கிற ஊழியரின் வேலை நேரத்துக்குச் சர்வதேச ஒப்பந்தம் வைத்திருக்கும் உச்சவரம்பே வாரத்துக்கு 72 மணி நேரம். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவர்கள். அவர்கள் கண்முன்னே முழு மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

மருந்து விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே தவறு நடக்கிறது. துறைமுகத்தில் பெரிய பெட்டியை ஒப்படைத்துவிட்டால் அது அறை வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். மத்தியான மாத்திரை அதற்குள் இருக்கும். இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை மாத்திரையும் அதோடு போய்விடும். கைப்பையில் ஒரு டப்பா போதும், இந்த அவஸ்தை இல்லை. இன்சுலின் என்றால் விமானத்திலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. அறையில் இருக்கிற சின்ன ஃபிரிட்ஜ் நிஜமாகவே குளிர்கிறதா என்று முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். கெட்டிலும் ரைஸ் குக்கரும் சுமந்து வராதீர்கள். தீ பயத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கரையில் இறங்கும் நாள் இன்னும் கவனமான நாள். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பிந்தியது. கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் பழைய நேரத்திலேயே இருந்தால் நான்கு மணி என்று நினைத்துக் கடைத்தெருவில் நிற்கும்போது கப்பலில் ஐந்து. சொந்தமாக டாக்சி பிடித்துப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி அதில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. மாத்திரை நேரமும் தவறாது. காலை மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பி, டூர் வேன் டிராஃபிக்கில் மாட்டி, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனால் சர்க்கரை நோயாளிக்குப் படபடப்பும் வியர்வையும் வந்துவிடும். பஃபே பழத்தையும் சாண்ட்விச்சையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் கொஞ்சம் குளுக்கோஸும் பையில் இருக்கட்டும். கூட வருகிற பிள்ளைகளுக்கு அது எந்தப் பையில் இருக்கிறது என்றும் தெரிந்திருக்கட்டும்.

இத்தனைக்கும் மூலம் அந்த புக்கிங் ஃபாரம். "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று ஒரு கேள்வி, அதற்கு ஒரு டிக், முடிந்தது. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, சிறுநீரகக் கோளாறா, வேர்க்கடலை ஒவ்வாதா என்று கேட்கிற ஏஜென்டை நான் பார்த்ததில்லை. கப்பல் நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இதற்கெல்லாம் ஏற்பாடு செய்கின்றன; அதற்குச் சில வாரங்கள் முன்பே தகவல் போக வேண்டும். ஏஜென்ட் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அந்த டிக்குக்குக் கீழே அப்பாவுக்கு என்ன நோய், என்ன ஆகாது, எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொடுத்து, கப்பலுக்கு அனுப்பிய மெயிலின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்கிற ஏஜென்டிடம் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.