சகுனிக்கும் திறமை இருந்தது

'இது திறமைக்கான ஆட்டம், சூதாட்டம் அன்று.' கடந்த பத்தாண்டுகளில் நம் காதுகளில் மிக அதிகமாக ஓதப்பட்ட வாசகங்களுள் இதுவும் ஒன்று. கிரிக்கெட் ஓவர்களுக்கு இடையே விளம்பரங்களில் ஓதினார்கள். நீதிமன்றங்களில் மூத்த வழக்கறிஞர்கள் ஓதினார்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகு, நம் இலக்கிய நண்பர்கள் சிலரும் ஓதத் தொடங்கியிருக்கிறார்கள். சதுரங்கத்தைப் போல இதுவும் அறிவின் ஆட்டம்தானே, ஓர் அணியைத் தேர்ந்து நிர்வகிப்பது ஒரு கலையல்லவா என்று கேட்கிறார்கள். இவர்களுக்கு மறுப்புச் சொல்ல வருபவர்களோ, திரையில் ஆடப்படுவது எல்லாமே குப்பை, ஒழிந்தது நல்லது என்கிறார்கள். இரு தரப்பும் ஆட்டத்தைப் பற்றியே பேசுகின்றன. பணயத்தைப் பற்றிப் பேச மறுக்கின்றன. நம் வழக்கு அந்தப் பணயத்தைப் பற்றியது.

முதலில், நண்பர்கள் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். கற்பனை அணியொன்றை நிர்வகிப்பது அறிவுக்கும் பொறுமைக்கும் வேலை தரும் ஆட்டம்தான். அதன் முதிர்ந்த வடிவங்களுள் ஒன்று, அமெரிக்கக் கால்பந்தை ஒட்டி இணையத்தில் எழுந்த பாவனை லீகுகள். (நாம் அறிந்த கால்பந்து அன்று அது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி வீழ்த்தும் ஆட்டம்.) 1998இல் வெளியான 'ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்' என்ற கணினி ஆட்டத்தில் ஆடுபவர் பந்தைத் தொடுவதே இல்லை. அவர் அணியின் மேலாளர். எந்த வீரரைச் சேர்ப்பது, எவருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், காயம்பட்டவரின் இடத்தில் யார் என்று முடிவெடுப்பது அவர் வேலை. களத்தில் நடப்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும். இணையத்தில் பலர் கூடி ஆளுக்கோர் அணியை எடுத்துக்கொண்டு, பருவம் பருவமாக இத்தகைய லீகுகளை நடத்துகிறார்கள்.

இந்தப் பாவனை லீகுகள் நிஜ லீகிடமிருந்து இரண்டு விதிகளை எடுத்துக்கொண்டன. ஒன்று, 1936 முதல் அங்கே நடக்கும் 'டிராஃப்ட்'. கல்லூரிகளிலிருந்து வரும் புதிய வீரர்களைத் தேர்வதில், சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. மற்றொன்று, 1994இல் வந்த சம்பள உச்சவரம்பு. காசுள்ள அணி எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போக முடியாது. தோற்றவனைக் கைதூக்கிவிடுவது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

இத்தகைய ஆட்டம் இலக்கியத்துக்கு அந்நியமானதும் அன்று. ஜாக் கெரவாக் சிறுவயதிலேயே கற்பனை பேஸ்பால் லீக் ஒன்றை உருவாக்கி, அணிகளுக்குப் பெயரிட்டு, சீட்டுகளைக் கொண்டு ஆட்டங்களை நடத்தி, அவற்றுக்குச் செய்தித்தாளும் எழுதி வந்தார். எழுத்தாளரான பிறகும் அதை விடவில்லை. ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய நாவல் ஒன்றின் நாயகனான ஹென்றி வா ஒரு கணக்கர். இரவுகளில் சமையலறை மேசையில் பகடை உருட்டி ஒரு முழு பேஸ்பால் உலகத்தையே நடத்துகிறான். தன் அன்புக்குரிய இளம் வீரனைப் பகடை சாகடித்துவிடும்போது அவன் உலகமே குலைகிறது. பாத்திரங்களைப் படைத்து, அவற்றின் விதிக்குத் தானும் கட்டுப்படுவது நாவலாசிரியனின் வேலையும் அல்லவா? ஆகவே 'எல்லாம் குப்பை' என்பவர்கள் தம் வீட்டுப் பரணையும் சற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் நம் ஊருக்கு வந்தது இந்த ஆட்டமா?

1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக், நியூயார்க் விடுதியொன்றில் நண்பர்களுடன் அமர்ந்து கற்பனை அணிக்கான விதிகளை வகுத்தார். நிஜ வீரர்களை ஆளுக்குச் சிலராகப் பங்கிட்டுக்கொண்டு, அவர்கள் களத்தில் எடுக்கும் புள்ளிகளைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஆட்டம் அது. சிறு தொகைகள் கைமாறவும் செய்தன. ஆயினும் ஆடியவர்கள் ஒருவரையொருவர் முகம் அறிந்தவர்கள். ஓர் அணி ஒரு பருவம் முழுதும் வாழ்ந்தது. அந்தப் பருவத்தை ஒரே நாளாகச் சுருக்கி, நண்பர்களை அகற்றி, நடுவே ஒரு நிறுவனத்தை உட்காரவைத்த வடிவமே இங்கே பெருவணிகமானது. ஐபிஎல் தொடங்கிய அதே 2008இல் தொடங்கப்பட்ட ட்ரீம்11, 2020இல் 222 கோடி ரூபாய்க்கு அந்தப் போட்டியின் தலைப்பு உரிமையையே பெற்றது. 2023இல் இந்திய அணியின் சட்டையில் ஏறியது. 2025 சட்டத்துக்குப் பின் இறங்கியது.

அந்த ஆட்டத்தின் முறை எளிது. ஒதுக்கப்பட்ட மதிப்புப் புள்ளிகளுக்குள் பதினொருவரைத் தேர வேண்டும். கேப்டன் எடுப்பது இரட்டிப்பாகும். துணைக் கேப்டன் எடுப்பது ஒன்றரை மடங்கு. 2025 சட்டம்வரை நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சேர்ந்த தொகையில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பரிசாகப் பிரித்தது. ஆட்டம் முடிந்ததும் அணி கலைந்துவிடும். காயம்பட்டவனைக் காத்திருந்து மீட்பதில்லை, இளையவனை வளர்த்தெடுப்பதில்லை, தோல்வியிலிருந்து அணியைக் கட்டி எழுப்புவதில்லை. நள்ளிரவில் செத்துப்போகும் ஓர் அணிக்கு 'நிர்வாகம்' எதற்கு? மேலாண்மை என்ற சொல்லின் கௌரவத்தை அந்த நீண்ட ஆட்டத்திடமிருந்து கடன் வாங்கி இந்தக் குறுகிய ஆட்டம் உடுத்திக்கொண்டது என்பதே உண்மை.

கடன் வாங்கியது எங்கே செலாவணியானது என்பதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்து பார்க்கலாம். இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்கள் நம் மாவட்டத்தாரும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும். எந்த ஷிப்ட் என்பதைச் சூப்பர்வைசர் சொல்வார். நாளை வேலை உண்டா என்பதைக் கான்ட்ராக்டர் சொல்வார். இவர்கள் வாழ்க்கையில் 'தேர்வு' என்று எதுவும் இல்லை. மாலை ஏழு மணிக்கு டாஸ் போட்டு இரு அணிகளின் பட்டியல் வெளியானதும், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், ஐம்பது ரூபாய்க்கும் குறைவான தொகையில் பதினொரு பேரைத் தேரும் அதிகாரம் கைக்கு வந்தது. கேப்டனை நியமிக்கலாம், கோடி ரூபாய் வீரனை நீக்கலாம். அந்த மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அதற்கு விலை வைத்தவர்களோடுதான் நமக்குச் சண்டை.

பகலில் வகுப்புக்கும் இரவில் வேலைக்கும் போகும் நம் மாணவர் ஒருவர், தேர்வுக் கட்டணத்துக்கென அம்மா கொடுத்த பணத்தை இப்படியொரு செயலியில் இழந்தார். கடிந்துகொள்ளாமல்தான் கேட்டோம். அவர் சொன்னார்: "சார், நான் ஏமாறலை. கேப்டனை மாத்திப் போட்டிருக்கணும்."

திறமை என்ற சொல் செய்யும் வேலையை இதைவிடத் துல்லியமாக எவரும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2003இல் தடைசெய்யப்படும்வரை லாட்டரிச் சீட்டு வாங்கித் தோற்றவர், தம் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டார். இவரோ தம் அறிவை நொந்துகொள்கிறார். அதிர்ஷ்டத்தைத் திருத்த வழியில்லை. அறிவைத் திருத்தலாம் அல்லவா? ஆகவே மறுநாளும் வருகிறார். சூதுக்கு எதிரான வாதமாக நிறுத்தப்பட்ட 'திறமை'தான், அவரைத் திரும்பத் திரும்ப மேசைக்கு இழுத்துவரும் கயிறு.

சரி, திறமை உண்டென்றே கொள்வோம். அப்போதும் என்ன நடக்கும்? 2015இல் அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியில் நடந்த ஒரு நாள் கற்பனைப் போட்டிகளை மெக்கின்ஸி ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஆடியவர்களில் 1.3 விழுக்காட்டினர் மொத்த லாபத்தில் 91 விழுக்காட்டை எடுத்துச்சென்றிருந்தனர். ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டு என்பதற்கு இது சான்றுதான். கணினி நிரல் கொண்டு நூற்றுக்கணக்கான அணிகளை இறக்குபவனின் திறமை, பஸ் நிறுத்தத்தில் நின்று ஓர் அணியைத் தேர்பவனின் பணத்தை முறையாக உறிஞ்சும் என்பதற்கும் இதுவே சான்று. அதிர்ஷ்டமாவது சில நேரம் ஏழையின் பக்கம் திரும்பிப் பார்க்கும். பயிற்சி பெற்ற திறமை அப்படித் திரும்பாது.

நம் மரபுக்கு இது புதுச் செய்தியும் அன்று. வியாச பாரதத்தின் சபா பருவத்தில், வஞ்சனையால் வெல்வது தகாது என்று தருமன் தயங்கும்போது சகுனி என்ன சொல்கிறான்? கற்றவன் கல்லாதவனை வெல்கிறான், வலியவன் எளியவனை வெல்கிறான், அதை யாரும் வஞ்சனை என்பதில்லை. ஆட்டம் அறிந்தவன் அறியாதவனை வெல்வதும் அதுபோலவே. அச்சமாக இருந்தால் ஆட வேண்டாம் என்கிறான். 'திறமைக்கான ஆட்டம்' என்ற வாதமும், 'நிதி இழப்பு அபாயம் உண்டு, பொறுப்புடன் விளையாடுக' என்ற எச்சரிக்கையும் ஒரே வாயிலிருந்து அன்றே வந்துவிட்டன. வில்லிபுத்தூராரும், 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதியும் அந்த மண்டபத்தைச் சூது என்றே அழைத்தார்கள். சகுனிக்குத் திறமை இல்லை என்று எவரும் சொன்னதில்லை. திறமை இருந்ததால்தான் நாடு போயிற்று.

மாறாக, நம் பாட்டிமார் ஆடிய தாயம் பெரிதும் கட்டை விழும் விதத்தை நம்பியது. அதைச் சூது என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை, காசு வைக்காதவரை. கூவரின் கணக்கன் உருட்டியதும் பகடைதான். அவனும் சூதாடி அல்லன். ஆக, சூதைச் சூதாக்குவது பகடை அன்று, பணயம். திருக்குறள் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதை 94ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்திருப்பதும் எண்ணத்தக்கது.

நம் நீதிமன்றங்கள் நெடுங்காலம் வேறு கோலால் அளந்தன. சென்னை கிண்டிக் குதிரைப் பந்தய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை சார்ந்தது என்றது. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 ஆட்டத்துக்கும் அதையே சொன்னது. தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தடை அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. அடுத்த சட்டத்திலும், ரம்மி, போக்கர் மீதான தடை 2023 நவம்பரில் விழுந்தது. 2025ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கியது. பணம் செலுத்தி, பணம் பெறும் எதிர்பார்ப்புடன் ஆடுவது பண ஆட்டம் என்றது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறை. அச்சட்டம் வழக்குக்கு உள்ளானது வேறு விஷயம். அதன் வரையறை தாயம் ஆடிய பாட்டியின் வரையறை என்பதே நமக்கு முக்கியம்.

சதுரங்கப் போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அங்கே தோற்றவன் தன்னைத் தோற்கடித்தவனின் முகத்தைப் பார்க்கிறான். தன் தவறான நகர்த்தலைத் திருப்பி ஆடிப் பார்த்துக் கற்கிறான். அன்றிரவே மறுபடி கட்டணம் கட்டு என்று எந்தச் சதுரங்கப் பலகையும் அவன் சட்டைப்பையில் கிடந்து முனகுவதில்லை. தடை வந்தால் கள்ளச் செயலிகளுக்குப் போவார்கள் என்பார்கள். இது வலுவான வாதம், மறுக்க மாட்டோம். அதற்கு மருந்து பழைய கடையைத் திறப்பது அன்று. பணயம் இல்லாத ஆட்டத்தைக் கையில் கொடுப்பது.

அதற்கு வழி இருக்கிறது. சுவீடனில் 1997இல் தொடங்கிய 'ஹாட்ரிக்' என்ற கால்பந்து மேலாண்மை ஆட்டத்தைக் காசு கட்டாமலே ஆடலாம். அதில் ஒரு பருவம் பதினாறு வாரம். கல்லூரியின் ஒரு செமஸ்டருக்குச் சற்றேறக்குறையச் சரியாக இருக்கும். கணினிகூட வேண்டியதில்லை. பத்து மாணவர்கள், ஒரு நோட்டுப்புத்தகம், நாளிதழின் விளையாட்டுப் பக்கம் போதும். கடைசியாக வந்தவனுக்கு அடுத்த பருவத்தில் முதல் தேர்வு என்ற அந்த அமெரிக்க விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள், வாதிடுவார்கள், ஆட்ட வருணனை எழுதுவார்கள். தமிழ்த் துறைக்கு அதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி வேறென்ன வேண்டும்?

திறமையை வளர்க்க வேண்டும் என்பதில் நமக்கும் நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தோற்றவனிடமிருந்து பிடுங்கும் ஆட்டமும் தோற்றவனுக்கு முதல் வாய்ப்பைத் தரும் ஆட்டமும் ஒரே பெயரில் நடமாடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம். சொல்லைக் காப்பது நம் தொழில் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், 'திறமை' என்ற சொல்லை அந்த மண்டபத்திலிருந்து மீட்டுக்கொண்டு வரட்டும்.