கட்டங்களாகும் தமிழ்

கோப்புக்கு ரோமன் எழுத்தில் பெயர் வைத்தால் தீர்ந்தது என்கிறார்கள் நண்பர்கள். எப்படித் தீரும்? 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியின் ஒலிபரப்புகளை ஒலிநாடாவில் பிடித்துவைத்து, இன்று கணினியில் சேர்த்திருக்கும் வீடுகள் ஸ்ரீரங்கத்தில் உண்டு. வீட்டு வலையமைப்பு வழியே ப்ளூ-ரே பிளேயர் அவற்றை ஒலிக்கிறது. ஆனால் பல பிளேயர்களில் ‘திருப்பாவை’ என்ற கோப்புப்பெயர் வெறும் கட்டங்களாக நிற்கிறது. குற்றம் கணினியினுடையதன்று. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. கணினி அனுப்பும் பட்டியலும் யூனிகோடில்தான் செல்கிறது. தமிழ் எழுத்துருவும் கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தும் நிரலும் பிளேயருக்குள் இல்லை. வைக்க மனமில்லை, அவ்வளவே. ரோமன் எழுத்துக்குப் போனால் அரியும் அறியும் ஒன்றாகிவிடும், அதுவும் அரங்கன் ஊரில்! வாங்குமுன் கடையிலேயே தமிழ்ப் பெயருள்ள கோப்பொன்றை ஓட்டிப்பாருங்கள். கட்டம் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.