ஓய்ந்த அணுவும் ஓயாத தொல்லையும்



கண்புரை, நீரிழிவு, தசைத் தளர்ச்சி ஆகியவை முதுமையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது ஏன்? "வயதாகிவிட்டது" என்பதே நாம் கூறும் விடை. வயது உடலினுள் செய்யும் வேலை யாது என்பதையே அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் உயிரணுக்கள் முடிவின்றிப் பெருகும் என்று, 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் கூறினார். உலகமும் நெடுங்காலம் நம்பிற்று. 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வுக்கூடத்தில் லியோனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் ஆகிய இருவரும் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். மனித உயிரணு ஏறத்தாழ 50 முறை பிளவுற்றபின் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் உடனே மடிவதில்லை.

இவ்வோய்வு ஒரு பாதுகாப்பே. பழுதுற்ற அணு தொடர்ந்து பெருகினால் புற்றுநோயாகக்கூடும். காயம் ஆறுவதற்கும் ஓய்ந்த அணுக்கள் துணைபுரிகின்றன. பணி முடிந்ததும் நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை அப்புறப்படுத்தும். முதுமையில் இவ்வேலை தளர்வதால் அவை தேங்கி, அழற்சியூட்டும் பொருள்களைச் சுரந்து, அண்டையிலுள்ள நல்ல அணுக்களையும் கெடுக்கின்றன. உடல் பருத்தால் கொழுப்புத் திசுவிலும் அவை மிகுகின்றன. இன்சுலினின் செயலும் குன்றுகிறது.

அவற்றை அகற்றினால் என்ன ஆகும்? 2011இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், விரைவில் மூப்படையும் சுண்டெலிகளில் இதைச் செய்து பார்த்தனர். கண்புரையும் தசைத் தளர்ச்சியும் தாமதமாயின. ஆயுளோ குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை. மனிதரிடம் நடந்துள்ள சோதனைகள் சிறியவை, தொடக்க நிலையிலுள்ளவை. ஆகவே, "இளமை திரும்பும்" என்று விற்கப்படும் மாத்திரைகளுக்கு ஓய்வூதியத்தைச் செலவிடாதீர்கள்.

செலவில்லாத பாடம் ஒன்று உண்டு. 2016இல் வெளியான ஆய்வொன்றில், கொழுப்பு மிகுந்த உணவு உண்ட சுண்டெலிகளில், சக்கரத்தில் ஓடியவற்றின் கொழுப்புத் திசுவில் ஓய்ந்த அணுக்கள் குறைவாகவே சேர்ந்தன. சுண்டெலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதருக்கும் நேரும் என்று கொள்வதற்கில்லை. எனினும், நடைப்பயிற்சியும் அளவான உணவும் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்பது மருத்துவர் அனைவரும் ஒப்பிய உண்மை.

"நீங்கள் சும்மா உட்காருங்கள், தாத்தா" என்று பெரியவர்களை மூலையில் அமர்த்துவதை நாம் அன்பென்று எண்ணுகிறோம். மருத்துவர் தடுத்தாலன்றி, மாலையில் அவர்களை நடக்க அழைத்துச் செல்லுங்கள். கைத்தாங்கலாக ஒரு பேரப்பிள்ளை உடன் சென்றால் போதும். அணு ஓய்வதை நம்மால் தடுக்க இயலாது. அணு ஓயுமுன்னே மனிதரை ஓயவைக்காதிருக்க நம்மால் இயலும்.